மண்ணைப் புரட்டாத உழவு

ஐப்பசி மாதத்துப் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையிற் பேராதனைப் பாலத்தின்மேல் நின்று மகாவலி கங்கையை நோக்குவோர், ஆறு செங்காவி நிறங்கொண்டு பெருகி ஓடுவதைக் காண்பர். புதுவெள்ளம் வந்ததென்று மகிழ்வோர் பலர். அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் சிலர். அது ஆற்றுக்கு இயல்பான நிறமன்று. மேட்டு நிலங்களில் முந்திய வாரம் மண்வெட்டியாற் கொத்திப் பதப்படுத்தி வைத்த மண்ணின் நிறமே அது. விதைக்கும் நாளை எதிர்பார்த்து ஒருவர் பாடுபட்டுத் திருத்திய நிலத்தின் மேற்பகுதி, விதை விழுமுன்னரே ஆற்றோடு போகின்றது. உழைப்புக் குறைந்ததால் வந்த இழப்பன்று இது. உழைத்தமையால் வந்த இழப்பு. இதுவே சிந்திக்கத்தக்கது.

கண்டி நகரிலிருந்து கொழும்பு வீதி வழியே பேராதனையைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயை நோக்கிச் செல்வோர் இடையே பிலிமத்தலாவையை அடைவர். வீதியோரத்துப் பித்தளைக் கடைகளாலும், அண்மையிலுள்ள கடலாதெனிய, எம்பெக்கே முதலிய பழைய கோயில்களாலும் பெயர்பெற்ற ஊர் அது. அதனைச் சூழ்ந்துள்ள உடுநுவரை, யட்டிநுவரைக் கிராமங்களிற் பள்ளத்தாக்குகள் நெல்வயல்களாகவும், சரிவுகள் வீட்டுத் தோட்டங்களாகவும், அவற்றிற்கு மேலுள்ள நிலங்கள் தேயிலையாகவும் மரக்கறித் தோட்டங்களாகவும் விளங்குகின்றன. இங்கு விழும் மழை ஓடைகளாகத் திரண்டு பேராதனைப் பக்கத்தில் மகாவலியிற் சேருகின்றது.

இச்சரிவுகளின் மண்ணை ஒரு பிடி எடுத்து நனைத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால், பல இடங்களிற் பரல் பரலாக உறுத்தும். பழைய பாறைகள் சிதைந்து உண்டான மண் ஆதலால், அதிற் படிகக்கல்லின் மணல் மிகுதியாகக் கலந்துள்ளது. கடற்கரை மணலைப் போன்ற வெறும் மணல் இதுவன்று. களியும் மணலும் கலந்த மணற்பாங்கான இருவாட்டி மண் என்று இதனைக் கூறலாம். இத்தகைய மண் எளிதில் வெட்டுப்படும். நீரை விரைவில் உள்ளே விடும். வேர் தடையின்றி ஓடும். ஆனால் நீரையும் பசளையையும் நெடுநாட் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. அந்தக் குறையை நிறைவு செய்வது மண்ணிலுள்ள உக்கல் ஒன்றே. இலையும் வேரும் மக்கி உண்டாகும் கரிய பொருளாகிய உக்கல், மணற் பரல்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றது. நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைக்கின்றது. பயிருணவு மழைநீரோடு கீழிறங்காமல் தடுக்கின்றது. மணற்பாங்கான நிலத்தின் செல்வம் அதன் மேலுள்ள சில அங்குல ஆழத்திலேயே அடங்கியிருக்கின்றது.

நிலத்தை எதற்காகக் கொத்துகின்றோம் என்று ஒரு குடியானவரைக் கேட்டால் அவர் மூன்று காரணங்கள் கூறுவார். மண் இளகவேண்டும் என்பது ஒன்று. களை அழியவேண்டும் என்பது மற்றொன்று. பசளை மண்ணோடு கலக்கவேண்டும் என்பது மூன்றாவது. "அகல உழுவதிலும் ஆழ உழு" என்ற பழமொழியும் அவருக்குத் துணைநிற்கும். அக்காரணங்கள் பொருளற்றவையல்ல. ஆயினும் அப்பழமொழி சமநிலத்திற் பிறந்தது. இறுகிப் பாளமாகும் களிமண்ணைக் கண்டு பிறந்தது. சரிவான நிலத்துக்கும் மணற்பாங்கான மண்ணுக்கும் அது அவ்வண்ணமே பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

முதலில் மண் இளகுதலை நோக்குக. மணற்பாங்கான மண் இயல்பாகவே இளகியது. அதனை மேலும் இளக்கும்போது மண்ணைப் பிணைத்து நின்ற வேர்களும் மண்புழுக்கள் அமைத்த வழிகளும் அறுபடுகின்றன. புரட்டப்பட்ட மண்ணிற் காற்று மிகுதியாகப் புகுவதால் உக்கல் விரைவிற் சிதைந்து கரியமில வாயுவாக வெளியேறுகின்றது. முதற் போகத்திற் பயிர் செழித்து வளர்வது இதனாலேயே. பல்லாண்டுகளாகச் சேர்ந்த உணவு ஒரே முறையில் வெளிப்படுகின்றது. சேமிப்பை எடுத்துச் செலவு செய்து அதனை வருமானமென்று எண்ணுவதற்கு இது ஒப்பாகும். மூன்றாம், நான்காம் போகங்களில் அதே நிலம் வெளிறிப் போகின்றது. பசளை எவ்வளவு இட்டாலும் போதவில்லை என்ற குறை எழுகின்றது.

அடுத்து மழையை நோக்குக. பெருந்துளியொன்று வினாடிக்கு ஏறக்குறைய 9 மீற்றர் வேகத்தில் நிலத்தைத் தாக்குகின்றது. இலையோ சருகோ நடுவில் நின்றால் அந்த வேகம் அங்கேயே அடங்கிவிடும். வெறும் மண்ணில் விழும்போது அது மண்கட்டியை உடைத்துத் துகள்களைச் சிதறடிக்கின்றது. நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிட, நீர் உள்ளே இறங்க வழியின்றிச் சரிவின்மேல் ஓடத் தொடங்குகின்றது. ஓடும் நீர் முதலில் எடுத்துச்செல்வது பாரமான மணலையன்று. இலேசான உக்கலையும் நுண்ணிய களியையுமே. பின்னே தங்குவது பரலும் கல்லும். எனவே மண்ணரிப்பு என்பது நிலத்தின் அளவை மட்டுமன்றித் தரத்தையும் குறைக்கின்றது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள மண் அகன்றால், அகன்ற மண்ணின் அளவு 4 கனமீற்றர். அதன் நிறை ஏறக்குறைய 5 தொன். ஒரு மில்லிமீற்றர் என்பது தீக்குச்சியின் பருமனிற் பாதியளவே. அது குறைந்ததை எவரும் கண்ணாற் காண்பதில்லை. அதே 5 தொன் மண்ணை இரவோடிரவாக லொறியில் ஏற்றி ஒருவன் களவாடிச் சென்றிருந்தால் ஊரே திரண்டிருக்கும்.

மலைநாட்டுக்கு இது புதிய துன்பமன்று. 19ஆம் நூற்றாண்டிற் காடுகளை அழித்துக் கோப்பித் தோட்டங்களும், பின்னர் தேயிலைத் தோட்டங்களும் அமைத்தபோது, ஒரு புல்லும் இல்லாத வெறுநிலமே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று கருதப்பட்டது. சுரண்டியைக் கையிற் கொண்டு வரிசை வரிசையாகப் புல்லைச் சுரண்டிய தொழிலாளர், தம் காலடி மண்ணையும் சேர்த்தே சுரண்டவேண்டியதாயிற்று. அவர்களிடம் கேட்கப்பட்ட வேலை அது. மண் போனதன் பொறுப்பு அவர்களுடையதன்று. 1931ஆம் ஆண்டில் மண்ணரிப்பைப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1951ஆம் ஆண்டில் மண் பேணற் சட்டம் நிறைவேறியது. 1996ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டில் மகாவலியை மறித்துப் பொல்கொல்லையில் அணை கட்டப்பட்டபின், மேட்டு நிலத்து மண் எங்கே போய்ச் சேருகின்றது என்பது தெளிவாகத் தெரிந்தது. அணைக்குப் பின்னால் வண்டல் படிந்தது. மலையில் ஒருவர் இழந்த வளம் பள்ளத்தில் மற்றொருவரின் நீர்த்தேக்கத்தைத் தூர்க்கின்றது.

பிற நாடுகளும் இப்பாடத்தை வருந்தியே கற்றன. அமெரிக்காவின் சமவெளிகளில் 1930ஆம் ஆண்டுகளில் உழுது திறந்துவிடப்பட்ட நிலத்தின் மண் புழுதிப்புயலாக எழுந்து வானை மறைத்தது. 1935ஆம் ஆண்டில் அந்நாட்டரசு மண் பேணலுக்கெனத் தனிச் சேவையொன்றை நிறுவியது. 1943ஆம் ஆண்டில் எட்வேட் ஃபோக்னர் என்பார், கலப்பையால் மண்ணைப் புரட்டுவதே தவறு என்று வாதிட்டு எழுதிய நூல் பெருஞ் சர்ச்சையை விளைத்தது. வெப்பமண்டல நாடுகளுக்கு நெருங்கிய சான்று ஆபிரிக்காவிலிருந்து கிடைத்தது. நைசீரியாவின் இபடான் நகரில் 1967ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அனைத்துலக வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில், இந்தியாவிற் கல்வி பயின்ற இரத்தன் லால் 1970ஆம் ஆண்டு முதல் ஆய்வு நடத்தினார். அங்குள்ள மேல்மண்ணும் மணற்பாங்கானதே. ஹெக்டேயருக்கு 4 முதல் 6 தொன் வரையிலான தாவரக் கழிவை நிலத்தின்மேற் பரப்பி, உழாமற் பயிரிட்ட சரிவுகளில் மண்ணிழப்பு மிகச் சொற்பமாயிற்று. அவருக்கு 2020ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

அதே நிறுவனத்தில் விவசாயப் பொறியியற் பிரிவிற் பணியாற்றிய இலங்கையர் ஒருவரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1924ஆம் ஆண்டிற் பிறந்து 2010ஆம் ஆண்டில் மறைந்த இறே விஜேவர்த்தன, 1950ஆம் ஆண்டுகளில் இருசில்லு உழவியந்திரத்தைச் சிறு வயல்களுக்கேற்ப அமைத்துப் பரப்பியவர். எருமையின் இடத்தை இயந்திரம் பெற்றால் உழவர் வாழ்வு உயரும் என்று நம்பியவர். பின்னர், இயந்திரம் உழவை விரைவாக்கியதேயன்றி விளைவைப் பெருக்கவில்லை என்பதை அவரே கண்டு, அதனை மறைக்காமல் உலகறியச் சொன்னார். மண்ணைப் புரட்டாமல் விதையை ஊன்றும் கைக்கருவிகளை ஆக்குவதில் முனைந்தார். தாம் பரப்பிய பொறியின் குறையைத் தாமே எடுத்துரைக்கும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நாடு திரும்பியபின் கிளிரிசிடியா என்னும் சீமைக்கிளுவை மரத்தை வரிசையாக நட்டு, அதன் தழையை மண்ணுக்குப் போர்வையாக்கும் முறையை அவர் வலியுறுத்தினார். மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலும் இம்முறை ஆராயப்பட்டது. 2005ஆம் ஆண்டில் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகக் கிளிரிசிடியா அறிவிக்கப்பட்டது.

பிலிமத்தலாவைப் பக்கத்திலே இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கண்டிய வீட்டுத் தோட்டமே போதிய சான்று. பலா, ஈரப்பலா, தென்னை, கித்துள் ஆகியன மேலே குடை விரிக்கின்றன. அவற்றின் கீழே சாதிக்காய், கராம்பு, கோப்பி. மரங்களைப் பற்றி மிளகுக் கொடி. நிலத்தில் மஞ்சளும் கிழங்கும். முழுத் தோட்டத்தையும் ஒருவரும் ஒருபோதும் கொத்துவதில்லை. கன்று நடுமிடத்திற் குழி தோண்டுவர். மற்ற நிலத்திற் சருகு விழுந்து மக்கும். அம்மண்ணை ஒரு குச்சியாற் கிளறினாலே கருமையும் ஈரமும் தெரியும். வேலிக்கு இப்பாலுள்ள தோட்டத்தில் இந்த மண்ணும், அப்பாலுள்ள மரக்கறி நிலத்தில் வெளிறிய மண்ணும் இருத்தலைப் பல இடங்களிற் காணலாம். மழை ஒன்று, சரிவு ஒன்று, செய்கை வேறு.

மரக்கறி நிலம் காடாக மாறவேண்டும் என்பது கருத்தன்று. போஞ்சியும் கறிமிளகாயும் விற்று அன்றாடம் வாழும் குடும்பம் பலாமரம் காய்க்கும்வரை காத்திருக்க இயலாது. தோட்டத்தின் குணத்தை மரக்கறி நிலத்துக்குக் கொண்டுவருவதே வேண்டுவது. அதற்குரிய முறை பின்வருமாறு.

மழை தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே சரிவுக்குக் குறுக்கே சமவுயரக் கோடுகளைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டு நீண்ட தடிகளைத் தலைப்பிற் கட்டிக் குறுக்கே ஒரு தடி இணைத்து, உச்சியிலிருந்து ஒரு கயிற்றிற் கல்லைத் தொங்கவிட்டால் அதற்கு வேண்டிய கருவி ஆயிற்று. குறுக்குத் தடியின் நடுக்குறியிற் கயிறு நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன. அக்கோடுகளிற் கிளிரிசிடியாவை நெருக்கமாக நடுதல் வேண்டும். பிலிப்பைன்சின் மிண்டனாவோத் தீவில் 1970ஆம் ஆண்டுகளில் உருவான சரிவுநில விவசாய முறையின் அடிப்படையும் இதுவே. வேலி வரிசை ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தும். அடித்து வந்த மண் வரிசையின் மேற்புறத்திற் படிந்து, ஆண்டுகள் செல்லச் செல்லத் தானாகவே படிக்கட்டு அமையும்.

பின்னர் நிலத்திலுள்ள புல்லையும் பூண்டையும் கத்தியால் தரையோடு வெட்டி, வெட்டியதை அங்கேயே பரப்பிவிடல் வேண்டும். வேரைப் பிடுங்கவேண்டாம், இறந்த வேர் மண்ணுக்குள் நீர்வழியாகும். வெட்டியதற்குத் தீ வைத்தல் கூடவே கூடாது. வேலியிலிருந்து வெட்டிய தழை, வைக்கோல், வாழைச் சருகு எது கிடைப்பினும் அதன்மேற் சேர்த்து, மண் கண்ணுக்குத் தெரியாதவாறு மூடவேண்டும். ஏக்கருக்கு இரண்டு தொன் அளவு உலர்ந்த கழிவு இருந்தால் நன்று. நடும் நாளில் போர்வையைச் சற்றே விலக்கி, நாற்று நிற்கும் இடத்தில் மட்டும் சிறு மண்வெட்டியாலோ அலவாங்காலோ குழி எடுத்து, மக்கிய சாணத்தையும் பசளையையும் அக்குழியிலேயே இட்டு நடுதல் வேண்டும். நிலமெங்கும் தூவிய பசளையிற் பெரும்பகுதி களைக்கும் ஆற்றுக்கும் போகும். குழியிலிட்டது பயிருக்கே சேரும். பசளை மண்ணோடு கலக்கவேண்டும் என்ற மூன்றாவது காரணத்துக்கு இதுவே விடை. அறுவடையின் பின்னும் செடியைத் தரையோடு வெட்டி, வேரை மண்ணுக்குள்ளேயே விடல் வேண்டும்.

இம்முறையில் இடர் இல்லை என்று கூறுதல் உண்மையன்று. முதலிரண்டு ஆண்டுகளிற் களை மிகுதியாகத் தோன்றும். தருப்பைப் புல்லும் கோரையும் போர்வையைத் துளைத்துக்கொண்டு வரும். அவற்றின் கிழங்குகளை முதலிலேயே தோண்டி எடுத்தல் வேண்டும். ஏனைய களைகளை ஒளியின்றி அடக்குவது போர்வையின் வேலை. அது மெலிந்தால் களை வெல்லும். பிற நாடுகளில் உழாத விவசாயம் பெரும்பாலும் களைகொல்லியையே நம்பி நடக்கின்றது. இலங்கையிற் கிளைபொசேற்று என்னும் களைகொல்லி 2015ஆம் ஆண்டிற் தடைசெய்யப்பட்டுப் பின்னர் அத்தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. மருந்து இருக்கும் நாளும் இல்லாத நாளும் வரும். வேலித்தழை எந்நாளும் வேலியிலேயே நிற்கும்.

வைக்கோல் மட்டும் இட்டால், அது மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனைத் தானே எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளிக்கலாம். நைதரசன் நிறைந்த கிளிரிசிடியாத் தழையைக் கலந்திடுவது இதற்கு மாற்றாகும். ஈரமான போர்வைக்குள் நத்தையும் அட்டையும் தங்குவதுண்டு. ஆகவே நாற்றின் தண்டோடு போர்வை ஒட்டாமற் சிறிது இடம் விடல் நன்று. இஞ்சிக்கும் மரவள்ளிக்கும் இளகிய பாத்தி வேண்டும். அங்கே அந்தப் பாத்தியை மட்டும், அதுவும் சரிவுக்குக் குறுக்காக, இளக்குதல் போதும். பல்லாண்டு மிதிபட்டு இறுகிய நிலத்திற் தோட்டத்தொழிலாளர் முள்ளுக் குத்துதல் என்று கூறும் முறை உதவும். முள்ளை ஆழ இறக்கி, மண்ணைப் புரட்டாமற் சற்றே அசைத்து எடுத்தால், மேல்மண் மேலேயே இருக்கக் கீழ்மண் நெகிழும்.

எல்லாவற்றிலும் பெரிய இடர் மண்ணில் இல்லை. அயலார் கண்ணில் உள்ளது. செம்மண் பளிச்சிடக் கொத்திவைத்த நிலத்தைக் கண்டால் "நல்ல உழைப்பாளி" என்பர். சருகு மூடிய நிலத்தைக் கண்டால் "சோம்பேறியின் தோட்டம்" என்பர். இந்தச் சொல்லுக்கு அஞ்சியே, போர்வை இட்டவர்களும் அடுத்த போகத்தில் மண்வெட்டியை எடுத்துவிடுவதுண்டு. மண்ணின் இலாபம் இரண்டு மூன்று ஆண்டுகளிலேதான் தெரியவரும். பழிச்சொல்லோ அன்றே வந்துவிடும். ஆதலால் முழு நிலத்தையும் ஒரேயடியாக மாற்றவேண்டுவதில்லை. ஒரு பாத்தியிற் கொத்தியும், அடுத்த பாத்தியிற் கொத்தாமற் போர்வையிட்டும் நட்டுப் பார்க்கலாம். இரண்டின் கீழும் ஒவ்வொரு சிறு குழி தோண்டிவைத்தால், முதற் பெருமழைக்குப் பின் எக்குழியில் மண் நிறைந்துள்ளது என்பது தெரியும். அக்குழியைக் கண்ட அயலாருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மேலும் அறிய விரும்புவோருக்கு அவ்வப் பகுதிக் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியர் உதவுவார்.

உழவைச் சிறப்பித்த திருவள்ளுவர், புழுதி நன்கு காயும்படி உழுவதன் பயனை ஓரிடத்திற் கூறினார். அதையடுத்த குறளிலேயே, உழுதலினும் எருவிடுதல் நன்று என்றும், களையெடுத்தபின் நீர்பாய்ச்சுதலினும் காத்தல் நன்று என்றும் கூறிவைத்தார். ஏரைப் போற்றிய நாவே ஏரினும் மேலானவை உண்டென்றும் சொல்லிற்று. அவர் கூறிய காவல் பயிருக்குரியது. மலைச்சரிவில் வாழ்வோர் அக்காவலைப் பயிர் நிற்கும் மண்ணுக்கும் நீட்டுதல் வேண்டும்.

அடுத்த ஐப்பசி மழையிலும் மகாவலி பெருகும். அந்த நீர் எந்த நிறத்தில் ஓடவேண்டும் என்பதை முடிவுசெய்வோர், மழைக்கு முந்திய வாரத்தில் மேட்டு நிலத்தில் மண்வெட்டியோடு நிற்பவர்களே.